“ஒண்டும் செய்யாது” என்றால் போதுமா? பொது இடங்களில் நாய்களும் நமது பொறுப்பும்

மாத்தளை நகரில் காலை நடைக்குச் செல்பவர்களுக்கு ஒரு வசனம் நன்கு பழக்கப்பட்டது. எட்வர்ட் பூங்கா மைதானப் பக்கமாக நடக்கும்போது அவிழ்த்து விடப்பட்ட நாயொன்று ஓடி வந்து நமது காலை முகரும். நாம் ஓர் அடி பின்வாங்குவோம். தூரத்தில் வரும் உரிமையாளர் சிரித்த முகத்துடன், “பய வென்ன எப்பா, முக்குத் கரன்னே நே” என்பார். தமிழ் பேசுபவராக இருந்தால், “பயப்படாதீங்க, ஒண்டும் செய்யாது” என்பார்.

அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய வீட்டில், அவருடைய பிள்ளைகளிடம் அந்த நாய் சாதுவாகத்தான் இருந்திருக்கும். ஆனால் எதிரே வருபவருக்கு அந்த நாயைத் தெரியாது. நாய்க்கும் அவரைத் தெரியாது. முன்பின் அறியாத இந்த இருவருக்கும் இடையில் உத்தரவாதமாக இருக்கக்கூடியது உரிமையாளரின் கையில் உள்ள கயிறு மட்டுமே.

இந்த விடயத்தைப் பேச ஆரம்பித்தால் நமது ஊர்களில் பேச்சு இரண்டு பக்கமாகத் திசைமாறிப் போகிறது. ஒரு சாரார் இதை “நாய் பிடிக்காத முஸ்லிம்களின் முறைப்பாடு” என்று ஒதுக்கி விடுகிறார்கள். நம்மவர்களில் சிலரோ, நாய் என்றாலே கல்லெடுத்து விரட்டப்பட வேண்டியது என்பது போலப் பேசுகிறார்கள். ஆரம்பப் பிரிவு மாணவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர் என்ற வகையில் எனக்கு இது முதலில் பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றிய விடயம். பொது இடத்தில் நாய் கயிற்றில் இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை எல்லா இனத்தவருக்கும் உண்டு. அப்படிக் கேட்கும் நமக்கும் சில கடமைகள் உண்டு. இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும்.

சென்னைப் பூங்காவில் நடந்தது

ஆயிரம் விளக்கு என்றவுடன் அங்குள்ள பழைய பள்ளிவாசல் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். சென்னையின் அந்தப் பகுதியில் மாடல் ஸ்கூல் வீதியில் மாநகராட்சிப் பூங்கா ஒன்று இருக்கிறது. அதன் காவலாளி தனது குடும்பத்துடன் அங்கேயே தங்கியிருந்தார். 2024 மே 5 ஆம் திகதி, அவருடைய ஐந்து வயது மகளை இரண்டு ரொட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. காப்பாற்றப் போன தாயும் காயமடைந்தார். சிறுமிக்குத் தலையில் சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வந்தது. நாய்களின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, அவை தெருநாய்கள் அல்ல என்பதுதான். வீட்டில் ஊட்டி வளர்க்கப்பட்ட நாய்கள். அந்த நேரத்தில் அவை கயிற்றில் இருக்கவில்லை. சம்பவத்தின் பின்னர் சென்னை மாநகராட்சி தனது விதிகளை இறுக்கியது. நாய் வளர்ப்பதற்கு அனுமதிப்பத்திரம் எடுத்திருக்க வேண்டும், பூங்காவுக்கு ஒருவர் ஒரு நாயை மாத்திரமே கொண்டுவரலாம், அதற்குக் கயிறும் வாய்மூடியும் இருக்க வேண்டும் என்று அறிவித்தது. ஒரு குழந்தையின் இரத்தம் சிந்திய பின்னர்தான் இவை வலியுறுத்தப்பட்டன. நமது நகரங்களிலும் ரொட்வைலர், அல்சேஷன் போன்ற பெரிய நாய்களை வளர்ப்போர் பெருகியிருக்கிறார்கள். நாமும் அப்படியொரு சம்பவம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

வேறு நாடுகள் இதை எப்போதோ வழக்கமாக்கி விட்டன. சிங்கப்பூரில் பொது இடத்தில் நாய் கயிற்றில் இருப்பது சட்டப்படி கட்டாயம். குறிப்பிட்ட சில பெரிய இன நாய்களுக்கு வாய்மூடியும் அவசியம். அதேவேளை, நாய்கள் சுதந்திரமாக ஓடி விளையாடுவதற்குச் சில பூங்காக்களில் வேலியிட்ட தனி இடங்களும் ஒதுக்கப்பட்டுள்ளன. நமது பிள்ளைகள் பலர் தொழில் செய்யும் ஐக்கிய அரபு இராச்சியத்திலும், 2016 ஆம் ஆண்டின் ஆபத்தான விலங்குகள் பற்றிய சட்டம் நாயை வெளியில் கொண்டு செல்பவர் கயிற்றில் கொண்டு செல்ல வேண்டும் என்கிறது. மலாய்க்காரர், சீனர், தமிழர் கலந்து வாழும் நாட்டிலும் அரபு நாட்டிலும் ஒரே விதி இருக்கிறதென்றால், இது ஒரு சமயத்தாரின் விருப்பு வெறுப்பு சார்ந்த விடயமல்ல என்பது விளங்கும்.

ஏன் கயிறு அவசியம்?

முதலாவது காரணம் பிள்ளைகளின் இயல்பு. நாயைக் கண்டால் பயந்த பிள்ளை ஓடும். ஓடுவதைத் துரத்துவது நாயின் இயல்பு. நாய் விளையாட்டாகவே துரத்தினாலும், விழுந்து எழும் பிள்ளைக்கு அது விளையாட்டல்ல. பெரியவர்களுக்குக் காலில் விழும் கடி, உயரம் குறைந்த பிள்ளைகளுக்கு முகத்திலும் கழுத்திலும் தலையிலும் விழக்கூடும்.

இரண்டாவது, வீதி. கண்டியிலிருந்து மாத்தளை, நாலந்த, தம்புள்ளை ஊடாகச் செல்லும் ஏ9 வீதியில் குறுக்கே பாயும் நாயால் மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்தவர்களை நாமெல்லோரும் அறிவோம். அந்த விபத்தில் பெரும்பாலும் நாயும் சாகிறது. கயிறு நாயையும் காப்பாற்றுகிறது.

மூன்றாவது காரணம்தான் மிகப் பெரியது. ரேபிஸ் எனப்படும் விசர்நாய்க்கடி நோய். அறிகுறிகள் தோன்றிய பின்னர் இந்த நோயிலிருந்து மனிதர் பிழைப்பது மிக மிக அரிது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீட்டின்படி உலகில் ஆண்டுக்கு சுமார் 59,000 பேர் இதனால் இறக்கிறார்கள். மனிதருக்கு வரும் இந்நோயில் நூற்றுக்கு 99 வீதமானவை நாய்களின் மூலம் வருகின்றன. நோய் சந்தேகத்துக்குரிய விலங்கினால் கடிபடுவோரில் பத்தில் நான்கு பேர் 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள்.

இலங்கை இந்த விடயத்தில் நிறையச் சாதித்திருக்கிறது. 1973 ஆம் ஆண்டில் நமது நாட்டில் 377 பேர் விசர்நாய்க்கடியால் இறந்தார்கள். நாய்களுக்குப் பரவலாகத் தடுப்பூசி ஏற்றியதாலும், கடிபட்டவர்களுக்கு அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாக ஊசி கிடைப்பதாலும், அண்மைய ஆண்டுகளில் அந்தத் தொகை இருபது முப்பது என்ற அளவுக்கு இறங்கியுள்ளது. ஆனால் மீதமுள்ள அந்த இருபது முப்பது உயிர்களும் தவிர்க்கப்படக் கூடியவையே. உரிமையாளர் அருகில் இருக்க, கயிற்றில் செல்லும் நாய் ஒருவரைக் கடித்தால் அது யாருடைய நாய், ஊசி ஏற்றப்பட்டதா என்பது உடனே தெரிந்து விடும். கடித்து விட்டு ஓடி மறைந்த நாயைப் பற்றி எதுவும் தெரியாது.

சட்டம் புதிதல்ல

நாயைக் கட்டுப்படுத்துவது ஏதோ இன்று வந்த நாகரிகம் என்று எண்ண வேண்டாம். விசர்நாய்க்கடி நோய்க்கென்றே இலங்கையில் 1893 ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. நாய்களைப் பதிவு செய்வதற்கான கட்டளைச் சட்டம் 1901 ஆம் ஆண்டில் வந்தது. தனது பொறுப்பில் உள்ள மிருகத்தால் பிறருக்கு ஆபத்து நேராதபடி பார்த்துக்கொள்ளத் தவறுவது தண்டனைச் சட்டக்கோவையின்படியும் குற்றமாகும். நூறு வருடங்களுக்கு மேலாகச் சட்டம் இருக்கிறது. ஆனால் நமது ஊரில் எத்தனை நாய்கள் பதிவு செய்யப்பட்டுள்ளன என்று அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள். விடை உங்களுக்கே கிடைக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மிருகவதையைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907 ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. நாய்க்கு நஞ்சு வைப்பதும், கொதிநீர் ஊற்றுவதும், கல்லெறிந்து காயப்படுத்துவதும் வீரமல்ல. அவையும் குற்றமே.

யாருக்கும் சொந்தமில்லாத நாய்கள்

“கயிறு கட்டச் சொல்கிறீர்கள், கட்டாக்காலி நாய்க்கு யார் கயிறு கட்டுவது?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கட்டாக்காலி என்று நாம் சொல்லும் நாய்கள் பலவற்றுக்கு ஒரு வீடு இருக்கிறது. பகலில் வீதியில் திரிந்து, இரவில் ஒரு வீட்டு வாசலில் சோறு தின்று படுப்பவை அவை. சோறு போடும் வீட்டாரிடம் கேட்டால், “நம்ம நாய் இல்ல, சும்மா வாறது” என்பார்கள். இன்னும் சில நாய்கள் குட்டியாக இருக்கும்போதே பெட்டியில் வைத்துச் சந்தையடியிலும், விகாரை வாசலிலும், பாடசாலை மதிலோரத்திலும் கொண்டுவந்து விடப்பட்டவை. பெரும்பாலும் பெண் குட்டிகள். ஒரு வருடத்தில் அவை குட்டி போடத் தொடங்கும்.

இவற்றையெல்லாம் பிடித்துக் கொன்றால் என்ன என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். பல தசாப்தங்களாக அப்படித்தான் செய்தார்கள். நாய்கள் குறையவில்லை. ஓரிடத்தில் நாய்களை அகற்றினால், அங்கே உணவு இருக்கும் வரை வேறு நாய்கள் வந்து சேரும். 2006 ஆம் ஆண்டிலிருந்து இலங்கையில் நாய்களைக் கொல்லாமல், கருத்தடை செய்து, ஊசி ஏற்றும் கொள்கை கடைப்பிடிக்கப்படுகிறது. ஓரிடத்து நாய்களில் நூற்றுக்கு 70 வீதத்துக்குத் தொடர்ச்சியாக ஊசி ஏற்றினால் அங்கே நோயின் பரவலைத் தடுக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. ஊசி ஏற்றப்பட்ட நாயைக் கொன்றால் அந்த 70 வீதம் குறைகிறது. புதிதாக வரும் நாய் ஊசி ஏற்றப்படாததாக இருக்கும்.

இந்தியாவில் 2025 ஆகஸ்ட் 11 ஆம் திகதி, தில்லியின் தெருநாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகங்களில் அடைக்குமாறு உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. எதிர்ப்புகள் கிளம்பின. பதினொரு நாட்களில் மூன்று நீதியரசர்கள் கொண்ட அமர்வு அக்கட்டளையை மாற்றியது. கருத்தடை செய்து ஊசி ஏற்றிய நாய்களைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும், விசர் பிடித்தவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக் கூடாது, உணவளிப்பதற்குத் தனி இடம் ஒதுக்க வேண்டும் என்பது புதிய கட்டளை. அங்கே வாதங்கள் இன்னும் ஓயவில்லை. எனினும் ஒரே இரவில் தீர்க்கக் கூடிய பிரச்சினை இதுவல்ல என்பதற்கு அது நல்ல உதாரணம். கட்டாக்காலி நாய்க்குக் கருத்தடையும் ஊசியும், வீட்டு நாய்க்குப் பதிவும் கயிறும். இவை இரண்டும் ஒன்றாக நடக்க வேண்டும்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி நாயின் எச்சில் நஜீஸ். அது பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்து கழுவ வேண்டும் என்பதை மக்தப் பிள்ளைகளும் அறிவார்கள். ஸுபஹ் தொழுகைக்குச் செல்பவரின் உடையில் நாய் வாய் வைத்தால் அவர் வீடு திரும்ப வேண்டியதாகிறது. பிற சமயத்து நண்பர்களிடம் இதை நாம் அமைதியாக விளக்கிச் சொன்னால் அவர்கள் விளங்கிக் கொள்வார்கள். சொல்லாமல் முகம் சுளித்தால் நாம் அவர்களையே வெறுக்கிறோம் என்று எண்ணுவார்கள்.

ஆனால் எச்சிலைப் பற்றிய சட்டம் நாயை வெறுக்கும் சட்டமல்ல. வேட்டைக்குப் பழக்கிய நாய் பிடித்ததை உண்ண அல்மாயிதா அத்தியாயம் அனுமதிக்கிறது. கால்நடைக்கும் பயிருக்கும் காவலாக நாய் வைத்திருக்க ஹதீஸில் அனுமதி உண்டு. குகைவாசிகளோடு இருந்த நாயை கஹ்ஃப் அத்தியாயம் குறிப்பிடுகிறது. தாகத்தால் தவித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கிக் காலணியில் நீர் அள்ளிக் கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்ட செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. மாலிக் மத்ஹபில் நாய் சுத்தமான பிராணியாகவே கொள்ளப்படுகிறது. ஆகவே நாயிடமிருந்து விலகி நிற்பது வேறு. அதனைத் துன்புறுத்துவது வேறு. இந்த வேறுபாட்டை நமது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

நமது பங்கு

பொது இடத்தில் கயிறு வேண்டும் என்று கேட்பதற்கு முன்னர் நமது வாசலைப் பார்ப்போம்.

ஒன்று, குப்பை. உக்குவளையிலும் வரக்காமுறையிலும் மாத்தளை நகரிலும் நாம் செறிந்து வாழும் வீதிகளின் முனைகளில், கோழிக் கழிவும் மிஞ்சிய சோறும் பொலித்தீன் பைகளில் எறியப்படுவதைக் காண்கிறோம். நாய்களை நாம் வளர்ப்பதில்லை என்கிறோம். ஆனால் அந்தப் பைகளால் வளர்ப்பது நாம்தான். ஹஜ்ஜுப் பெருநாள் காலத்தில் உழ்ஹிய்யாக் கழிவுகளை ஆழமாகக் குழி தோண்டிப் புதைப்பதைப் பள்ளிவாசல் நிருவாகங்கள் கண்டிப்பாக மேற்பார்வை செய்ய வேண்டும்.

இரண்டு, காவல் நாய்கள். நமது கடைகள், களஞ்சியசாலைகள், தோட்டங்கள், கோழிப் பண்ணைகள் பலவற்றில் காவலுக்கு நாய் இருக்கிறது. வேலையாள் பார்த்துக் கொள்கிறார் என்பதால் அது வேலையாளின் நாயாகி விடாது. அதற்குப் பதிவும் வருடாந்த ஊசியும் உரிமையாளரின் பொறுப்பு.

மூன்று, பூனை. இதைப் பலர் அறிவதில்லை. விசர் நோய் பூனைக்கும் வரும், பூனையிடமிருந்து மனிதருக்கும் பரவும். நாயைத் தள்ளி வைக்கும் நாம் பூனையை மடியில் வைத்துக் கொள்கிறோம். ஊசி ஏற்றாத வீட்டுப் பூனை பிறாண்டினாலோ கடித்தாலோ அதையும் அலட்சியம் செய்யக் கூடாது. நாய்க்கு ஊசி ஏற்றும் நாளில் பூனையையும் கொண்டு செல்லுங்கள்.

நான்கு, பிள்ளைகளின் பழக்கம். வகுப்பில் நான் சொல்லிக் கொடுப்பது இதுதான். நாய் வந்தால் ஓடாதே, மரம் போல அசையாமல் நில், அதன் கண்ணை உற்றுப் பார்க்காதே. விழுந்து விட்டால் முகத்தையும் கழுத்தையும் கைகளால் மூடிக் கல் போலச் சுருண்டு கொள். சாப்பிடும் நாயையும் குட்டி போட்ட நாயையும் நெருங்காதே. நாய்க்குக் கல்லெறியாதே. ஒருவன் எறிந்த கல்லுக்குப் பின்னால் வரும் இன்னொரு பிள்ளை கடிபடலாம். பிள்ளைகள் எழுந்து நின்று நடித்துப் பார்த்தால் பத்து நிமிடத்தில் மனதில் பதிந்து விடும். செப்டெம்பர் 28 ஆம் திகதி உலக ரேபிஸ் தினம். அன்றைய காலைக் கூட்டத்தில் எந்தப் பாடசாலையும் எந்த மத்ரஸாவும் இதைச் செய்யலாம்.

சபைகளிடம் கேட்க வேண்டியவை

2025 மே மாதத் தேர்தலின் பின்னர் நமது உள்ளூராட்சி சபைகளில் மக்கள் பிரதிநிதிகள் மீண்டும் அமர்ந்திருக்கிறார்கள். பூங்காக்களும் மைதானங்களும் குப்பையும் நாய்ப் பதிவும் அவர்களுடைய விடயங்களே.

எல்லா இடத்துக்கும் ஒரே விதி சரிவராது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கலேவெல, தம்புள்ளைப் பக்கத்தில் சேனைப் பயிரைக் காப்பவருக்கும், இறத்தோட்டை, எல்கடுவை மலைத் தோட்டங்களில் லயத்தில் வாழ்பவருக்கும் நாய்தான் இரவுக் காவல். காட்டுப் பன்றி வந்தாலும் யானை வந்தாலும் முதலில் குரைத்துச் சொல்வது அதுதான். அவர்களிடம் நாயைக் கட்டியே வை என்று சொல்ல முடியாது. ஊசி ஏற்று என்று சொல்லலாம்.

ஆனால் நகரப் பூங்கா, விளையாட்டு மைதானம், பாடசாலைச் சுற்றாடல், பஸ் நிலையம், வைத்தியசாலை, வணக்கத்தலங்களின் முன்றல் ஆகிய இடங்களுக்குத் தெளிவான விதி வேண்டும். இங்கே நாயைக் கொண்டு வருபவர் கயிற்றில் கொண்டு வர வேண்டும், பெரிய நாய்க்கு வாய்மூடி இட வேண்டும், அதன் மலத்தை அவரே அகற்ற வேண்டும், சிறுவர் விளையாடும் பகுதிக்குள் நாயைக் கொண்டு வரக் கூடாது. நாயை ஓட விட விரும்புவோருக்கு மைதானத்தின் ஒரு மூலையை வேலியிட்டு ஒதுக்கலாம், அல்லது ஒரு நேரத்தை ஒதுக்கலாம். நாய்க்கும் ஓட்டம் தேவை. அதை மறுப்பது நியாயமல்ல. விதியை மும்மொழியிலும் பலகையில் எழுதி வாசலில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்து விடும்.

இந்தக் கோரிக்கையைக் கொண்டு செல்லும் முறையும் முக்கியம். பள்ளிவாசல் கடிதத் தலைப்பில் மாத்திரம் போனால் அது ஒரு சமூகத்தின் முறைப்பாடாகவே வாசிக்கப்படும். விகாரையின் தாயக சபை, கோயில் பரிபாலன சபை, பாடசாலை அபிவிருத்திச் சங்கம், காலையில் நடப்பவர்கள் என எல்லோருடைய கையொப்பமும் இருக்கட்டும். நாய் வளர்க்கும் அன்பர்களையும் அழையுங்கள். தமது நாய் வாகனத்தில் அடிபடாமல் இருக்க வேண்டும் என்று அவர்களும் விரும்புகிறார்கள். கடிபட்ட பிள்ளையின் தாய் எந்த மொழியில் அழுதாலும் அது ஒரே அழுகைதான்.

கடிபட்டால்

கடைசியாக, இதை வாசிப்பவர்கள் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். நாயோ பூனையோ வேறு விலங்கோ கடித்தால், பிறாண்டினால், காயத்தை உடனே சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், கோப்பித்தூள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் பூசக் கூடாது. சிறிய காயம்தானே என்று இருக்காமல் அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். ஓதிப் பார்ப்பவர்கள் ஓதிப் பார்க்கட்டும், ஆனால் ஊசி போட்ட பின்னர். வைத்தியர் குறித்துக் கொடுக்கும் திகதிகளில் ஒன்றையும் தவற விடக் கூடாது. நோய் வெளிப்பட மாதங்கள் கூட எடுக்கலாம். அதனால் முதல் வாரத்தில் ஒன்றும் இல்லை என்பது சுகம் என்று பொருளாகாது. கடித்த நாய் தெரிந்த நாயாக இருந்தால் அதை அடித்துக் கொல்லாமல், கட்டி வைத்து இரண்டு வாரம் கவனிக்க வேண்டும். அது இறந்தாலோ காணாமல் போனாலோ வைத்தியரிடம் உடனே தெரிவிக்க வேண்டும்.

நாய்க்கான ஊசியும் அரசாங்கத்தால் இலவசமாக ஏற்றப்படுகிறது. உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ பொதுச் சுகாதார பரிசோதகரிடமோ திகதியைக் கேட்டு, அடுத்த ஜும்ஆவில் அறிவித்து விடுங்கள். நமது மஹல்லாவிலிருந்து ஆரம்பிப்பதற்கு எந்தப் புதிய சட்டமும் தேவையில்லை.